மஹல்லாப் பதிவேடு: பெயர் கேட்க முன்னர் தீர்மானிக்க வேண்டியவை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

நமது மஹல்லாவின் குடும்பப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடமும் என்னிடம் படித்த இரண்டு பேரிடமும் தரப்பட்டிருக்கிறது. "எக்செல்லில் போட்டால் ஒரு கிழமை வேலைதானே, ஏன் சேர் இன்னும் தொடங்கவில்லை?" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பெயர் கேட்டு வீடு வீடாகப் போக முன்னர் சில விடயங்களைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவற்றை நாங்கள் மூன்று பேர் மட்டும் தீர்மானிப்பது சரியில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பட்டியல் என்பது நமக்குச் சின்ன விடயம் இல்லை. 1990 ஒக்டோபர் 15 இல் சாவகச்சேரியில் இருந்தும், 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் இருந்தும் நம்மவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்றிலிருந்து நமது வாழ்க்கை பட்டியல்களோடுதான் போகிறது: முகாம் பட்டியல், நிவாரணப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல். "உங்கட பெயர் இதில் இல்லை" என்ற வசனத்தைக் கேட்காத குடும்பம் நமக்குள் குறைவு. அந்த வசனத்தை நாமே தயாரிக்கும் ஒரு பட்டியலும் சொல்லிவிடக் கூடாது.

சில வருடங்களுக்கு முன்னர் எடுத்த ஒரு பட்டியல் எங்கள் கையில் இருக்கிறது. யார் எடுத்தது என்பது முக்கியமில்லை. நல்ல நோக்கத்தில் எடுத்ததுதான். அதில் ஐந்து நிரல்கள்: குடும்பத் தலைவர் பெயர், ஐ.சி. நம்பர், முகவரி, அங்கத்தவர் தொகை, தொலைபேசி. "அங்கத்தவர் 6" என்று இருக்கும் இடத்தில் அந்த ஆறு பேரும் யார் என்று யாருக்கும் தெரியாது. தலைவர் மௌத்தாகியிருந்தால் அந்த நிரையே அழிக்கப்பட்டிருக்கிறது. அவரோடு மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பட்டியலில்தான் இல்லை. விபரம் எழுதியவர் கவனக்குறைவாக எழுதவில்லை. அட்டவணை அமைக்கப்பட்ட விதமே அப்படி.

அதனால் இம்முறை எக்செல் வேண்டாம், தரவுத்தளம் ஒன்று அமைப்போம் என்று முடிவெடுத்தோம். உயர்தரத்தில் ஐ.சி.டி. படித்த பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1970 இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் என்பவர், தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்று தொடர்புபடுத்தி வைக்கும் முறையை முன்வைத்தார். இன்று வங்கியில் இருந்து மின்சாரப் பட்டியல் வரைக்கும் பெரும்பாலும் அந்த முறைதான். ஒவ்வொரு அட்டவணையிலும் நிரல்கள் இருக்கும்: பெயர், பிறந்த திகதி இப்படி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை. நிரையை அடையாளம் காட்ட ஒரு முதன்மைச் சாவி. இன்னொரு அட்டவணையில் உள்ள நிரையைச் சுட்டிக்காட்ட ஓர் அந்நியச் சாவி.

நாங்கள் பாவிப்பது பைதான் மொழியும் எஸ்கியூஎல்அல்கெமி என்ற இலவச நூலகமும். மைக் பேயர் என்பவர் 2006 இல் வெளியிட்டது. இந்த வகை நூலகங்களை ஓஆர்எம் என்பார்கள். "நபர்" என்று பைதானில் ஒரு வகுப்பை எழுதினால் அது தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாகிவிடும். வகுப்பின் ஒவ்வொரு பண்பும் ஒரு நிரல். ஒரு நபர் என்பது ஒரு நிரை. எது சாவி, எது வெறுமையாக இருக்கலாம், எது எதனோடு தொடர்பு என்பதெல்லாம் அந்த வகுப்பில் ஒவ்வொரு வரியாக எழுதப்படும். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு மூன்று பக்கம்தான். ஆனால் யார் பதிவேட்டுக்குள் நிற்கலாம், யார் நிற்க முடியாது என்பதை அந்தப் பக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன.

இது நமது நாட்டுக்குப் புது வேலையும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் சில கிழமைகளில் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். பெயர் "சஹனா". சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்தது. பின்னர் பைதானில் "சஹனா ஈடன்" என்று திரும்ப எழுதப்பட்டது. 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் சஹனா பயன்பட்டது. ஈடனின் அட்டவணைகளைத் திறந்து பார்த்தேன், யாரும் பார்க்கலாம். அதில் நபருக்கு ஓர் அட்டவணை. அடையாள ஆவணங்களுக்கு வேறு அட்டவணை. முகவரிகளுக்கு வேறு. எந்தக் குழுவில் உறுப்பினர் என்பதற்கு வேறு. ஏன் இப்படிப் பிரித்தார்கள்? அனர்த்தத்தில் ஆள் மட்டும்தான் மிஞ்சுவார். வீடு, அட்டை, குடும்பம் எல்லாம் பிரிந்து போயிருக்கும். மற்ற எதுவும் இல்லாமலேயே ஓர் ஆளைப் பதிய முடிய வேண்டும். நமக்கும் இதே தேவைதான்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

முதலாவது, சாவி. "ஐ.சி. நம்பரையே சாவியாக வைத்தால் முடிந்ததே" என்று ஒரு சகோதரர் சொன்னார். நானும் இலேசான வழியைத்தான் விரும்புவேன். ஆனால் முதன்மைச் சாவிக்கு மூன்று தகுதி வேண்டும். எல்லோருக்கும் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், ஒருபோதும் மாறக் கூடாது. ஐ.சி. நம்பர் இந்த மூன்றிலும் தவறுகிறது. சிறு பிள்ளைகளுக்கு அட்டையே இல்லை. 2016 இல் 9 இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த முறை 12 இலக்கமாக மாறியது. பழைய அட்டை வைத்திருந்தவர் புதியதை எடுத்ததும் அவருடைய நம்பர் வேறு மாதிரித் தெரியும். முன்னுக்கு 19, நடுவில் ஒரு பூச்சியம், கடைசி எழுத்து இல்லை. ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதியப்பட இது போதும்.

இன்னொன்று, அந்த நம்பர் வாய் திறந்து பேசும். 1985 பெப்ரவரி 1 இல் பிறந்த ஆணின் பழைய நம்பர் 85032 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணுடையது 85532, பெண்களுக்கு 500 கூட்டுவார்கள். நம்பரைப் பார்த்தாலே வயதும் பாலும் தெரிந்துவிடும். எல்லாக் காகிதத்திலும் அச்சடிக்கும் சாவி அப்படி இருக்கக் கூடாது.

பாடசாலையில் சேர்விலக்கம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதிபரின் இடாப்பில் அடுத்தது எந்த இலக்கமோ அது அந்தப் பிள்ளைக்கு. அதற்கு வேறு அர்த்தம் இல்லை. பிள்ளை வகுப்பு மாறினாலும் வீடு மாறினாலும் அது மாறாது. விலகிப் போனாலும் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கப்படாது. நமது பதிவேட்டிலும் அப்படி அர்த்தமில்லாத ஓர் இலக்கம்தான் சாவி. ஐ.சி., பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாம் "ஆவணம்" என்ற தனி அட்டவணையில், ஒவ்வொன்றும் அந்த ஆளைச் சுட்டும் அந்நியச் சாவியோடு இருக்கும். ஒருவருக்கு ஆவணம் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். ஒரே ஆவண இலக்கம் இரண்டு பேருக்குப் பதியப்படாமல் இருக்க அந்த நிரலில் "தனித்துவம்" என்று ஒரு நிபந்தனை போடுவோம்.

இரண்டாவது, பெயர். வெளிநாட்டு மாதிரிகளில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு நிரல் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. வாப்பாவின் பெயர் முன்னுக்கு வரும். ஒரே பெயரை ஒரு சான்றிதழில் முகம்மது என்றும் மற்றதில் முஹம்மத் என்றும் இன்னொன்றில் மொஹமட் என்றும் எழுதியிருப்பார்கள். புத்தளத்தில் பதிந்தவர் எழுதியது ஒரு விதம், யாழ்ப்பாணத்தில் எழுதியது ஒரு விதம். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. முழுப் பெயருக்கு ஒரே நிரல். மற்ற எழுத்து வடிவங்கள், வீட்டுப் பெயர், ஊரில் அறியப்பட்ட பெயர் எல்லாம் "பெயர் வடிவம்" என்ற தனி அட்டவணையில். எதைத் தேடினாலும் அதே ஆள் வர வேண்டும்.

மூன்றாவது, குடும்பம். பழைய பட்டியலில் குடும்பம் என்றால் அதன் தலைவர். அவர் இல்லையென்றால் குடும்பமும் இல்லை. புதியதில் குடும்பத்துக்குத் தனி அட்டவணை, தனி இலக்கம். ஆளுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் "அங்கத்துவம்" என்று ஓர் அட்டவணை: எந்த ஆள், எந்தக் குடும்பம், எந்தத் திகதியில் இருந்து, எது வரை. 1990 இல் ஒரு கூரையின் கீழ் இருந்த ஒரு குடும்பம் இன்று நாலு குடும்பம். ஒரு மகள் இங்கே, ஒரு மகன் நீர்கொழும்பில், இன்னொருவர் புத்தளத்தில். பிரிந்தார்கள் என்பதற்காகப் பழைய குடும்பத்தை அழிக்கத் தேவையில்லை. அதற்கு முடிவுத் திகதி போட்டு, புதியவற்றைத் திறந்தால் போதும்.

தாய், தந்தை என்பவை நபர் அட்டவணையில் இருந்து அதே அட்டவணையைச் சுட்டும் இரண்டு அந்நியச் சாவிகள். வளர்ப்பவர் என்பது இவற்றோடு சேராத இன்னொரு தொடர்பு. இதை வேண்டுமென்றே பிரித்திருக்கிறோம். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது ஸூரா அல்அஹ்ஸாபில் உள்ள கட்டளை. சாச்சா வீட்டில் வளரும் பிள்ளையைச் சாச்சாவின் பிள்ளையாகப் பதிவதும் பிழை, யாரும் இல்லாத பிள்ளையாக விடுவதும் பிழை. இரண்டு தொடர்பும் இருந்தால் இரண்டு உண்மையும் இருக்கும்.

நாலாவது விடயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எஸ்கியூஎல்அல்கெமியில் ஒரு தொடர்பை எழுதும்போது, மேலே உள்ள நிரை அழிந்தால் கீழே உள்ளவற்றை என்ன செய்வது என்றும் சொல்லலாம். அதில் ஒரு தெரிவின் பெயரைத் தமிழில் சொன்னால் "அநாதையை அழி". பெற்றோர் நிரையில் இருந்து பிரிந்த பிள்ளை நிரையை நூலகம் தானாகவே அழித்துவிடும். கணினிக்காரர்களுக்கு இது ஒரு தொழில்நுட்பச் சொல். கடைப் பில் ஒன்றை அழித்தால் அதில் உள்ள பொருள் வரிகளும் போக வேண்டும்தானே, அதற்கு அது சரியான தெரிவு. ஆனால் ஆட்களின் பதிவேட்டில் அந்த வரியை எழுதினால், வாப்பாவின் நிரையோடு யதீமின் நிரையும் போகும். யதீம்களின் விபரம் எடுப்பதற்காகவே ஆரம்பித்த பதிவேடு இது.

ஒன்றும் சொல்லாமல் விட்டால், இந்த நூலகம் பிள்ளையின் அந்நியச் சாவியை வெறுமையாக்கிவிடும். பிள்ளை இருக்கும், யாருடைய பிள்ளை என்பது போய்விடும். அதுவும் நமக்கு வேண்டாம். ஜங்கோ என்ற இன்னொரு பைதான் கட்டமைப்பில் 2017 கடைசியில் வந்த 2.0 பதிப்பில் இருந்து, அந்நியச் சாவி எழுதும்போது அழிந்தால் என்ன செய்வது என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். நல்ல ஒழுங்கு. நாங்கள் எழுதியிருப்பது இதுதான்: தொடர்பு உள்ள எந்த ஆளையும் அழிக்க முடியாது. அழிக்கப் போனால் கணினி மறுக்கும். மௌத்தானவருக்கு "மௌத் திகதி" என்ற நிரல் இருக்கிறது, அதை நிரப்பினால் போதும். நிரை அப்படியே இருக்கும்.

மௌத்தானவர் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டால், காணி உறுதிகள் இன்னும் அவர்களின் பெயரில்தான் இருக்கின்றன. என் உம்மும்மா புத்தளத்தில் அடக்கப்பட்டவர். சோனகத் தெருக் காணி உறுதியில் இருப்பது அவரின் பெயர். அவருடைய நிரை இல்லாவிட்டால் அவரில் இருந்து வாரிசுகளுக்குப் போகும் பாதையும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடம்பெயர்ந்தவர்களின் காணி உரிமைக்காக வந்தபோது, யார் எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று எல்லோருக்கும் விளங்கியது.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. பைதானில் "தொடர்பு" என்று எழுதும் வரி மட்டும் தரவுத்தளத்தில் எந்தக் காவலும் போடாது. அது ஒரு பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு பாதை, அவ்வளவுதான். பூட்டு என்பது நிரலில் எழுதும் அந்நியச் சாவி. எஸ்கியூலைட் பாவித்தால் அந்தப் பூட்டையும் நீங்களே ஒவ்வொரு இணைப்பிலும் செயற்படுத்த வேண்டும். விட்டுவிட்டால், இல்லாத ஆளைச் சுட்டும் நிரையையும் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஐந்தாவது, முகவரி. என்னுடைய நிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது புத்தளம். பரம்பரை சோனகத் தெரு. ஐ.சி.யில் பல வருடமாக இருந்தது புத்தளம் முகவரி. இப்போது இருப்பது இங்கே. ஒரே ஒரு முகவரி நிரல் இருந்தால் இதில் எதை எழுதுவது? புத்தளம் என்று எழுதினால் இங்கே "வெளியூர் ஆள்". யாழ்ப்பாணம் என்று எழுதினால் அங்கே "திரும்பிப் போனவர்". இந்த இரண்டு பெயரும் நம் எல்லோருக்கும் கிடைத்தவைதான். பிழை ஆளில் இல்லை, நிரலில். ஓர் ஆளுக்கு ஓர் இடம் என்று அந்த நிரல் முன்கூட்டியே முடிவெடுத்துவிடுகிறது.

அதனால் "இடம்" தனி அட்டவணை. யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 435 ஜீ.எஸ். பிரிவுகளும் முன்கூட்டியே அதில் இருக்கும். மற்ற மாவட்டங்களில் தேவையானவற்றைச் சேர்ப்போம். ஆளுக்கு ஆள் வித்தியாசமாக எழுதாமல் தெரிவு செய்ய வேண்டும். ஆளுக்கும் இடத்துக்கும் நடுவில் "வசிப்பு" அட்டவணை: ஆள், இடம், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, காரணம். முடிந்த திகதி வெறுமையாக இரண்டு நிரை இருந்தால், அவர் இரண்டு இடத்திலும் இருக்கிறார் என்று அர்த்தம். ரமழானுக்கு இங்கே, பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே என்று வாழும் குடும்பங்களுக்கு அதுதானே உண்மை. ஸகாத் பங்கிடும்போது ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்படுவாரே என்று சிலர் பயப்படுகிறீர்கள். எண்ணப்பட மாட்டார். எண்ணுவது நபர் இலக்கத்தை, முகவரியை அல்ல.

ஆறாவது, வெறுமை. ஒரு நிரலை வெறுமையாக விடலாமா கூடாதா என்பதையும் வகுப்பில் எழுத வேண்டும். பிறந்த திகதி கட்டாயம் என்று போட்டால், சான்றிதழ் 1990 இல் வீட்டோடு போன மூதாட்டிக்கு, பதிபவர் ஜனவரி 1 என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார். பொய்யான திகதி கணினிக்குள் போனால் பிறகு அது உண்மையாகிவிடும். ஆகவே அந்த நிரல் வெறுமையாக இருக்கலாம். பக்கத்தில் "உத்தேச வயது" என்று இன்னொரு நிரல். கட்டாயமான நிரல்கள் இரண்டே இரண்டு: இலக்கமும் பெயரும்.

கடைசியாக, எந்த நிரல்கள் வேண்டாம் என்பது. அரசியல், கட்சி, எந்த ஜமாஅத், வெளிநாட்டில் இருந்து எவ்வளவு காசு வருகிறது, இவற்றுக்கு நிரல் கிடையாது. சிலர் கேட்டார்கள், நாங்கள் மறுத்துவிட்டோம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தேவைக்கு மேல் விபரம் சேர்க்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டம் இல்லாவிட்டாலும் இது அமானிதம். ஒரு நிரலைத் திறந்தால் அதற்குள் விழும் ஒவ்வொரு விபரத்துக்கும் நாம் பொறுப்பு. குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நீதியாக எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எழுதுபவர்களுக்கு அந்தப் பயம் வேண்டும்.

இப்போது உங்களிடம் கேட்பது மூன்று விடயம்.

ஒன்று, வீட்டுக்கு வரும்போது தலைவரின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனி நிரை உண்டு. பெண்களின் விபரம் எடுக்கப் பெண் ஆசிரியைகள் வருவார்கள்.

இரண்டு, மௌத்தான உம்மா, வாப்பா, மூத்தோரின் பெயர்களையும், தெரிந்தால் காலத்தையும் எழுதி வையுங்கள். இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். அட்டவணையைப் பிறகும் திருத்தலாம், அவர்களிடம் பிறகு கேட்க முடியாது.

மூன்று, மேலே சொன்னதில் உங்கள் குடும்பம் அடங்காத நிலைமை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். இரண்டாம் திருமணம், விவாகரத்து, காணாமல் போனவர், ஆவணம் ஒன்றுமே இல்லாதவர், எதுவானாலும். கொமெண்டில் வேண்டாம், தனியாக எனக்கு எழுதுங்கள் அல்லது பள்ளிக்கு வரும்போது கூப்பிடுங்கள். ஆயிரம் நிரை ஏறிய பிறகு ஒரு தொடர்பை மாற்றுவதை விட, ஒன்றும் ஏறாத இன்று மாற்றுவது மிகவும் இலேசு.

வடிவம் உறுதியான பிறகு, இன்ஷா அல்லாஹ், அச்சடித்துப் பள்ளி அறிவித்தல் பலகையில் போடுவோம். அதில் யாருடைய பெயரும் இருக்காது. வெறும் நிரல்கள்தான். வந்து பார்த்து, உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் அதற்குள் வருகிறார்களா என்று பாருங்கள்.

வஸ்ஸலாம்.